கோத்தகிரி வீட்டில் இரண்டரை வருடம்: நானே கட்டிய மின்மீட்டர்

எங்கள் வீட்டு மெயின் போர்டுக்குப் பக்கத்தில் இரண்டரை வருடமாக ஒரு பிளாஸ்டிக் டப்பா தொங்குகிறது. உள்ளே நானே கட்டிய மீட்டர். அதைக் கட்டவைத்தது 500 என்கிற எண். இரண்டு மாத ரீடிங் 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டியதற்கு மட்டும் விலை ஏறுவதில்லை. ஸ்லாப்பே மாறி, 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கும் ஏறக்குறைய இரட்டிப்பாக விழும். எங்களுக்கு ஒரு முறை 507 வந்தது. அந்த ஏழு யூனிட் எரிச்சல்தான் இந்த டப்பா. ஈபி மீட்டரையே பார்க்கலாமே என்பீர்கள். அது மொத்தத்தைச் சொல்லும். எந்தச் சாமான் எப்போது இழுக்கிறது என்று சொல்லாது.

முதலில் ஆர்டுயினோ நானோ என்ற குட்டிக் கணினி போர்டும், வயரைக் கவ்விப் பிடித்து அதில் ஓடும் ஆம்பியரை அளக்கும் எஸ்சிடி-013 சென்சாரும் வாங்கினேன். இந்தச் சென்சாரில் பல வகை உண்டு. 100 ஆம்பியருக்கு 50 மில்லியாம்பியர் தரும் வகைக்கு வெளியே ரெசிஸ்டர் போட வேண்டும். 30 ஆம்பியருக்கு 1 வோல்ட் தருவதில் அது உள்ளேயே இருக்கும். நான் கேட்டது ஒன்று, பார்சலில் வந்தது இன்னொன்று. பார்க்க இரண்டும் ஒரே நீலம். மேலே அச்சடித்திருப்பதைப் படித்துவிட்டே இணையுங்கள். மாட்டிய முதல் நாள் ரீடிங் பூஜ்யம்! ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துக் கவ்வியிருந்தேன். போவதும் வருவதும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டால் என்ன தெரியும்? ஒரு வயரை மட்டும்தான் கவ்வ வேண்டும்.

பெரிய தப்பு வேறு. வாட் கிடைக்க ஆம்பியரை வோல்ட்டால் பெருக்க வேண்டும். வோல்டேஜை அளக்காமல், புரோகிராமில் 230 என்று எழுதிவைத்திருந்தேன். எங்கள் தெருவில் சாயங்காலம் எல்லா வீட்டிலும் கீசர் போட்டால் 190க்கு இறங்கிவிடும். 2000 வாட் கீசர் அப்போது ஏறக்குறைய 7.2 ஆம்பியர்தான் இழுக்கும். அதை 230ஆல் பெருக்கினால் 1650 வாட், உண்மையில் 1365. மாட்டிக்கொண்டது எப்படியென்றால், ஈபி மீட்டரின் சிவப்பு விளக்கால். எங்கள் மீட்டரில் 3200 சிமிட்டலுக்கு ஒரு யூனிட். பத்துச் சிமிட்டலுக்கு எத்தனை விநாடி என்று எண்ணி, 11250ஐ அதால் வகுத்தால் அந்த நேரத்து வாட் கிடைக்கும். காசு செலவில்லாத சரிபார்ப்பு. உங்கள் மீட்டரில் 1600 என்றிருந்தால் 22500ஐ வகுக்க வேண்டும்.

பிறகு வோல்டேஜையும் சேர்த்து அளக்கும் பீசெம்-004டி (PZEM-004T) மாட்யூலுக்கு மாறினேன். வோல்ட், ஆம்பியர், வாட், பவர் ஃபேக்டர், யூனிட் எல்லாம் அதுவே கணக்கிட்டுத் தருகிறது. வைஃபை உள்ள ஈஎஸ்பி32 என்ற சின்ன போர்டு அதை வாங்கிப் போனுக்கு அனுப்புகிறது. கரண்டு போய் வந்தாலும் யூனிட் அழிவதில்லை. ஈபி ரீடிங்கோடு வித்தியாசம் நூற்றுக்கு இரண்டைத் தாண்டியதில்லை. ஒன்று: இதற்கு மெயின் வயர் நேரடியாகப் போகிறது. மெயினை அணைத்து, வயர்மேன் அண்ணனைக் கூட வைத்துக்கொண்டுதான் இணைத்தேன்.

மலையில் இதற்கு உண்மையான எதிரி பனிமூட்டம். ஐப்பசி மழையில் மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும். சால்டர் இல்லாமல் வயரைச் செருகும் பிரெட்போர்டில் வயர்களின் முனை பச்சை பூத்து, ரீடிங் தாறுமாறாகக் குதித்தது. எல்லாவற்றையும் டாட் போர்டில், அதாவது துளைகள் போட்ட அட்டையில், சால்டர் செய்தேன். டப்பாவுக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம். நினைவு வரும்போது மாற்றுகிறேன்.

பலன் வந்தது கீசரில். 15 லிட்டர் தொட்டியை எந்நேரமும் ஆனிலேயே விட்டிருந்தோம். யாரும் குளிக்காத நாளிலும் ஒன்றேகால் யூனிட் போயிருந்தது. இரண்டு மாதத்துக்கு 75 யூனிட், சும்மா. இப்போது குளிக்கும் முன் போட்டு, பிறகு அணைக்கிறோம். வோல்டேஜ் குறைந்தால் பில் குறையும் என்று பக்கத்து வீட்டு மாமா அடித்துச் சொல்வார். 15 டிகிரி தண்ணீரை 55க்கு ஏற்ற எப்படியும் 0.7 யூனிட் வேண்டும்; 230 வோல்ட்டில் 21 நிமிடம், 190ல் 31 நிமிடம், அவ்வளவுதான் வித்தியாசம். போனில் காட்டினேன். மாமா நம்பவில்லை.

இன்று இந்தச் சுற்றின் 41ஆம் நாள். டப்பா 338 காட்டுகிறது. இதே போக்கில் 60ஆம் நாள் 495ல் நிற்க வேண்டும். ஆனால் தீபாவளிக்கு அக்கா குடும்பம் வருகிறது. மொத்தம் ஐந்து பேர், எல்லோரும் சென்னைக்காரர்கள், வெந்நீர் இல்லாமல் முகம்கூடக் கழுவ மாட்டார்கள்.