கொலுவுக்குக் குழந்தைகளோடு பொம்மை செய்ய: காகிதக்கூழா, களிமண்ணா?

கடையில் வாங்கும் பொம்மைகளோடு குழந்தைகள் தம் கையால் செய்த சிலவும் கொலுப்படியில் இடம்பெற வேண்டும் என்று 2023-ஆம் ஆண்டு நவராத்திரிக்கு முன்பு எங்கள் வீட்டில் முடிவு செய்தோம். முதல் ஆண்டு காகிதக்கூழில் செய்தோம். அடுத்த ஆண்டு களிமண்ணுக்கு மாறினோம். அதன்பின் களிமண்ணை விடவில்லை. இரண்டுமே புதுச்சேரியின் சொந்தக் கைத்தொழில்கள்தாம். திருக்கனூரின் காகிதக்கூழ் வேலைப்பாடும் வில்லியனூரின் சுடுமண் வேலைப்பாடும் புவிசார் குறியீடு பெற்றவை என்பதால், எது உயர்ந்த கலை என்ற கேள்விக்கு இங்கே இடமில்லை. எட்டு வயது மகளும் ஐந்து வயது மகனும் இருக்கும், கடற்கரைக்கு அருகிலுள்ள ஒரு வீட்டில் எது நிலைக்கும் என்பதையே நான் எழுதுகிறேன்.

செலவில் பெரிய வேறுபாடு இல்லை. தரை அழுக்காவதும் இரண்டிலும் ஒன்றுதான். மண் உலர்ந்தபின் கூட்டினால் தூசு பறக்கும், ஆகவே ஈரத்துணியால் துடைக்க வேண்டும் என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும்.

காகிதக்கூழின் முதல் வசதி, எல்லாப் பொருளும் வீட்டிலேயே கிடைப்பது. பழைய நாளிதழைக் கிழித்து ஓரிரவு ஊறவைத்து, மறுநாள் அரைத்துப் பிழிந்து, காய்ச்சிய மைதாப் பசையோடு பிசைந்தால் கூழ் தயார். கிழிக்கும் வேலையில் குழந்தைகளுக்கு இருக்கும் ஆனந்தம் சொல்லி மாளாது. எங்கள் பாட்டிமார் காகிதக்கூழில் கூடை செய்தபோது வெந்தயத்தையும் அரைத்துச் சேர்த்தார்கள், நாங்களும் சேர்த்தோம். கிளி, யானைத் தலை, பழைய கலங்கரை விளக்கம் என மூன்றைச் செய்தோம். எடை குறைவு, கீழே விழுந்தாலும் உடையாது, வண்ணம் நன்றாகப் பிடித்தது. படியில் இருந்த ஒன்பது நாளும் அவற்றில் ஒரு குறையும் இல்லை.

குறை அதன்பிறகுதான் தெரிந்தது. என் தேர்வைத் தீர்மானித்ததும் அதுவே: பொம்மையைச் செய்வது சில நாள் வேலை, பாதுகாப்பதோ ஓர் ஆண்டு வேலை. நம் கடலோரத்தில் கொலுவைக் கலைத்துப் பொம்மைகளைக் கட்டிப் பரணில் ஏற்றும் காலமும் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் காலமும் ஒன்றையொன்று ஒட்டியே வருகின்றன. ஐப்பசி, கார்த்திகை முழுவதும் சுவரில் ஓதம் ஏறி, அலமாரித் துணியே பூசண வாடை அடிக்கும் வீட்டில், மாவுப் பசையும் காகிதமும் சேர்ந்த ஒரு பொருளை அட்டைப்பெட்டிக்குள் அடைத்து வைத்தால் என்ன ஆகும் என்பதை நான் முன்பே யோசித்திருக்க வேண்டும். 2024 செப்டம்பரில் பெட்டியைத் திறந்தபோது யானையின் தும்பிக்கை அடியில் சாம்பல்நிறப் பூசணம் படர்ந்திருந்தது. கிளியின் வண்ணத்துக்குள்ளே வெள்ளிமீன் பூச்சிகள் பசையைத் தின்று வழி போட்டிருந்தன. மகள் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் திருப்பிக் கொடுத்தாள். மயில்துத்தம் கலந்தால் பூச்சி அண்டாது என்று சிலர் சொன்னார்கள். அது நஞ்சு, குழந்தைகள் கைவைத்துப் பிசையும் கூழில் அதைக் கலக்க எனக்கு மனம் வரவில்லை. கூழ் முழுதாக உலராமல் நாங்கள் வண்ணம் தீட்டியதும் காரணமாக இருந்திருக்கலாம் என்பதால், குற்றம் முழுவதையும் காகிதத்தின் மேல் சுமத்த மாட்டேன்.

அந்த ஆண்டே வில்லியனூரில் ஒரு மண்பாண்டக் கூடத்திலிருந்து பிசைந்த களிமண்ணை ஈரச்சாக்கில் சுற்றி வாங்கி வந்தோம். காலக்கணக்கும் இதற்கு ஒத்துவருகிறது. பிள்ளையார் சதுர்த்தி வளர்பிறையின் நான்காம் நாள், நவராத்திரி அடுத்த அமாவாசைக்கு மறுநாள். அதிக மாதம் (பஞ்சாங்கத்தில் கூடுதலாக வரும் சந்திர மாதம்) குறுக்கிடாத ஆண்டுகளில் இடையே ஏறத்தாழ 26 நாட்கள் கிடைக்கும். சதுர்த்திக்குப் பிள்ளையார் பிடித்த மிச்ச மண்ணிலேயே தொடங்கிவிடலாம். முதல் வாரம் செய்வதற்கு, அடுத்த இரண்டு வாரம் நிழலில் உலர்த்துவதற்கு, மீதி சுடுவதற்கும் வண்ணத்துக்கும். வெயிலில் வைத்தால் மேற்புறம் முந்திக் காய்ந்து விரிசல் விடும்.

கொலுவில் செட்டியார் பொம்மையின் முன் பரப்பும் கடைக்கு வேண்டிய காய்கனிகளைக் குழந்தைகளிடம் விட்டோம். பண்ருட்டிப் பலாப்பழத்தை மகள் எடுத்துக்கொண்டாள். ஈர்க்குச்சியின் முனையால் வரிசை வரிசையாகக் குத்தி, ஒவ்வொரு குத்துக்கும் நடுவே மண் மேடிட்டு முள்ளாக எழுவதைத் தானே கண்டுபிடித்து, ஒரு மாலை முழுவதும் அதிலேயே இருந்தாள். இந்த நுணுக்கம் நார் நாராக இருக்கும் கூழில் வராது. மகன் கத்தரிக்காய் செய்தான், பிடிக்காமல் நசுக்கினான், மறுபடி செய்தான். காய்ந்துபோனதைக்கூட வாளித் தண்ணீரில் போட்டால் கரைந்து மீண்டும் களியாகிவிடும் என்பதால், சிறு குழந்தைக்கு மண்ணைப்போல் பொறுமையான பொருள் வேறில்லை.

சுடுவதற்கு அதே கூடத்துப் பெரியவர் தம் சூளையில் இடம் கொடுத்தார். பதினொன்று கொடுத்தோம், ஒன்பது திரும்பின. பலாப்பழம் வெடித்துவிட்டது. "உள்ளே ஈரம் நின்னுபோச்சு பாப்பா, கெட்டியா செய்யக்கூடாது" என்று அவர் சொல்ல, மகள் "எப்படித் தாத்தா செய்யணும்?" என்று கேட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். தடித்த உருவத்தில் தங்கிய நீர் சூட்டில் ஆவியாகி வெளியேற வழியின்றி உடைக்கிறது. அதனால் பச்சையாக இருக்கும்போதே நூலால் இரண்டாக அறுத்து, கரண்டியால் உள்ளே குடைந்து, விளிம்புகளைக் கீறிக் களிக்குழம்பு தடவி ஒட்டி, அடியில் ஒரு துளை இட வேண்டும். உலர்ந்து சுட்டு முடிக்கையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு சுருங்கும். செட்டியாரின் தட்டுக்கு ஏற்ற அளவை அதற்குத் தக்கபடி பெரிதாகவே பிடியுங்கள்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்து, ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியபோது பரண் சுவரும் நனைந்தது. அடுத்த செப்டம்பரில் பெட்டியைத் திறந்தோம். சுட்ட ஒன்பதும் வைத்தபடியே இருந்தன. சூளைக்கே கொடுக்காமல் வைத்த வேறு இரண்டில் வண்ணம் உரிந்திருந்தது, உருவம் கெடவில்லை. ஒரு மழைக்காலத்து அனுபவத்தைத்தான் சொல்கிறேன். வெள்ளம் வீட்டுக்குள் புகும் தாழ்வான தெருக்களில் சுடாத மண் கரைந்தே போகும்.

களிமண்ணுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. கொலு முடிந்தபின் அதே கைகள் கார்த்திகைக்கு அகல் பிடிக்கலாம். சுட்டெடுத்த அகலைச் சில மணி நேரம் நீரில் ஊறவைத்துக் காயவிட்டு ஏற்றினால் எண்ணெயை அதிகம் உறிஞ்சாது. காகிதக்கூழைச் சுடரருகே கொண்டுபோகவே முடியாது.

பக்கத்தில் சூளை இல்லாதவர்களும், எதையும் கீழே போடும் இரண்டு மூன்று வயதுப் பிள்ளைகள் உள்ளவர்களும் காகிதக்கூழையே எடுக்கலாம்; முகமூடிபோலப் பெரிய உருவங்களுக்கும் அதுவே ஏற்றது. அப்படிச் செய்தால் புரட்டாசி வெயிலில் ஒரு வாரமாவது உலர்த்தி, மூடி இறுகும் டப்பாவில் வேப்பிலைச் சருகோடு வைத்து, தை பிறந்ததும் ஒருமுறை வெளியே எடுத்துக் காயப்போடுங்கள். நாங்கள் சுடுமண்ணைப் பழைய பருத்தி வேட்டித் துண்டுகளில் தனித்தனியே சுற்றி வைக்கிறோம். குடைந்து செய்த இரண்டாவது பலாப்பழம் இப்போது அப்படித்தான் பெட்டியில் இருக்கிறது.