பல ஆண்டுகள் ஒரே லைஃப் ஜாக்கெட்: குளிர்ந்த நீரில் கயாக் ஓட்டுபவரின் அனுபவம்

கயாக் எனும் சிறிய துடுப்புப் படகை ஓட்டப் புதிதாக வருபவர்கள் லைஃப் ஜாக்கெட் வாங்கும்போது, எவ்வளவு மிதக்கும் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். ஒரே ஜாக்கெட்டைப் பல ஆண்டுகள் போட்டு ஓட்டியவன் என்ற முறையில், நான் முதலில் பார்க்கச் சொல்வது வேறு: கரையில் மாட்டினால், திரும்பிக் கரை ஏறும்வரை கழற்றத் தோன்றாமல் இருக்கிறதா?

காரணம், குளிர்ந்த நீர் அவகாசம் கொடுக்காது. சுமார் 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உள்ள நீரில் திடீரென்று விழுந்தால், நம்மைக் கேட்காமலே உடல் மூச்சை வேகமாக உள்ளே இழுக்கும். அந்த நொடியில் தலை நீருக்குள் இருந்தால் உள்ளே போவது தண்ணீர்தான். கனடாவின் கோர்டன் கீஸ்பிரெக்ட் என்ற உடலியல் ஆய்வாளர் இதை 1-10-1 என்று சொல்லித்தருவார். மூச்சு கட்டுக்குள் வர 1 நிமிடம். அதன் பிறகு கைகால் சொன்னபடி கேட்பது 10 நிமிடம் வரைதான். உடல் வெப்பம் குறைந்து நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம். படகின் பின்னால் கட்டி வைத்த ஜாக்கெட்டை அந்த முதல் நிமிடத்தில் எடுத்து மாட்டவே முடியாது.

என்னுடையது ஃபோம் வைத்த 50 நியூட்டன் வகை (நியூட்டன் என்பது மிதக்க வைக்கும் விசையின் அளவு). அக்குள் பகுதி அகலமாக வெட்டப்பட்டிருப்பதால் துடுப்பு போடும்போது உரசாது. முதுகுப்புறம் மெல்லிசு, இருக்கையில் இடிக்காது. ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: நினைவிழந்தவரை முகம் மேலே இருக்கும்படி இது திருப்பிவிடாது. நீந்தத் தெரிந்து, துணையோடு போகிறவர்களுக்கானது இது. காற்றடைக்கும் வகையையும் போட்டுப் பார்த்தேன். நான் போட்டதில் காற்று நிரப்பும் கயிற்றை இழுக்க ஒரு கை வேண்டும். மூச்சுத் திணறும் நேரத்தில் அந்தக் கை படகைப் பிடித்திருக்கும். கயாக்குக்கு அதை நான் சொல்லமாட்டேன்.

அளவு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். இடுப்புப் பட்டையிலிருந்து தொடங்கி மேல் நோக்கி இறுக்குங்கள். அப்புறம் கூட இருப்பவரை இரு தோள்பட்டைகளையும் பிடித்து மேலே இழுக்கச் சொல்லுங்கள். ஜாக்கெட் காது வரை ஏறினால் அது உங்களுக்கானது இல்லை.

பருவம் தொடங்கும்போதெல்லாம், நண்பர் பக்கத்தில் நிற்க, ஆழமில்லாத இடத்தில் வேண்டுமென்றே நீரில் இறங்கிப் பார்ப்பேன். முதலில் அசையாமல் மிதந்து மூச்சைச் சமன்படுத்துவேன். மீண்டும் படகில் ஏறும் முயற்சி அதற்குப் பிறகுதான். கொஞ்ச நேரத்திலேயே கட்டைவிரலும் சுண்டுவிரலும் ஒன்றையொன்று தொட மறுக்கும். சிறிய பக்கிளை அழுத்த முடியாது, ஜாக்கெட் பையின் ஜிப் நுனி கையில் சிக்காது. அதனால் ஜிப்பில் தடித்த கயிற்று வளையம் கட்டினேன், விசிலைத் தோள்பட்டையில் வாய்க்கு எட்டும் இடத்துக்கு மாற்றினேன். வாங்கியதிலிருந்து செய்த மாற்றங்களில் உருப்படியானவை இவைதான்.

ஜாக்கெட் மிதக்க வைக்கும், குளிரைத் தடுக்காது. காற்று எவ்வளவு இதமாக இருந்தாலும் நீரின் வெப்பநிலையைப் பார்த்துத்தான் உடுத்த வேண்டும். வெயில் திரும்பும் வசந்த காலம்தான் மோசமாக ஏமாற்றும். ஏரி இன்னும் பனிக்காலத்திலேயே இருக்கும். நான் உள்ளே நீர் புகும் ரப்பர் உடையான வெட்சூட்டிலிருந்து, நீர் புகாத உடையான டிரைசூட்டுக்கு மாறிவிட்டேன். டிரைசூட் ஈரத்தைத்தான் தடுக்கும், வெப்பம் தருவது உள்ளே போடும் கம்பளி ஆடை.

உழைப்பு எப்படி? தோள் பகுதித் துணி வெளுத்திருக்கிறது. இருக்கையில் சாயும் இடத்தில் ஃபோம் அமுங்கி மெலிந்திருக்கிறது. கடல் நீருக்குப் பிறகு நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துவதால் ஜிப் மட்டும் இன்னும் சிக்காமல் ஓடுகிறது. ஹீட்டர் பக்கத்தில் உலர்த்தாதீர்கள், மூட்டைக்கு அடியில் திணிக்காதீர்கள், ஃபோம் கெட்டுவிடும். அதே ஆழமில்லாத இடத்தில் கால்களை மடக்கி, தலையைப் பின்னால் சாய்த்து மிதந்தும் பார்க்கிறேன். இப்போதைக்கு வாய் நீருக்கு மேலே தாராளமாக நிற்கிறது. அந்த இடைவெளி குறையத் தொடங்கினால் அடுத்த முறை புது ஜாக்கெட்டோடுதான் நீரில் இறங்குவேன்.