மானுக்கு எந்த க்ளோவர்: லடீனோவா, சிவப்பா, கிரிம்சனா?

அமெரிக்கால மான் வேட்டைக்கு ஃபுட் ப்ளாட் (மானை இழுக்க தீனிப்பயிர் போடற நிலம்) போடறவங்க க்ளோவர்ங்கற தீவனச் செடியோட விதை வாங்கப் போனா எல்லா பையிலயும் பெரிய கொம்பு வச்ச மான் படம்தான் இருக்கும், உள்ள இருக்கிறது மட்டும் வேற வேற. அதனால படத்தை விட்டுட்டு ரெண்டு கேள்விக்கு பதில் வச்சுக்கிட்டு போங்க. எந்த மாசம் மான் உங்க ப்ளாட்டுக்கு வரணும், உங்க மண்ணு காயற மண்ணா ஈரம் நிக்கிற மண்ணா. இது ரெண்டும் தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுது.

முதல்ல வெள்ளை க்ளோவர். அதுல பெரிய இலை வகைதான் லடீனோ, ஃபுட் ப்ளாட்னாலே நெறைய பேர் இதைத்தான் சொல்றாங்க. தரையோட ஓடுதண்டு விட்டு கணுவுக்கு கணு வேர் பிடிச்சு பரவும், மான் எவ்வளவு மேஞ்சாலும் வளர்ற முனை தரையிலயே இருக்கிறதால திரும்ப துளிர்க்கும், களையை மட்டும் ஒழுங்கா பாத்துக்கிட்டா 3 - 5 வருஷம் ஓட்டலாம். புரதம் 20 சதவீதத்துக்கு மேல சாதாரணமா இருக்கும், குட்டிக்கு பால் குடுக்கிற பெட்டை மானுக்கும் கொம்பு வளர்ற ஆண் மானுக்கும் மே, ஜூன்ல இதைவிட நல்ல தீனி கம்மி. ஆனா வேர் மேலாக்கத்தான் போகும், ஜூலை ஆகஸ்ட்ல மழை இல்லேன்னா அப்படியே சுருண்டுடும். மணல் மேட்டுல வெறும் லடீனோ போடறது காசுக்கு கேடு.

அந்த எடத்துக்குத்தான் சிவப்பு க்ளோவர். ஆணிவேர் ஆழமா எறங்கும், வறட்சியை தாங்கும், பிஎச் கொஞ்சம் கம்மியா, அதாவது மண்ணு புளிப்பா இருந்தாலும் சமாளிக்கும், மொளைச்சு வர்றதும் வேகம். குறை என்னன்னா 2 - 3 வருஷத்துல ஆள் காலி, அதோட ஒட்ட மேஞ்சா வெள்ளை மாதிரி திரும்ப வராது, தண்டும் முத்திடும், முத்தின தண்டை மான் தொடாது, மேல வெட்டி விடணும். விலையும் பொதுவா கம்மிதான், இதை ஏன் இவ்வளவு பேர் ஒதுக்கறாங்கன்னு எனக்குப் புரியல. ரெண்டையும் கலந்து போடறதுதான் என் ஓட்டு, முதல் ரெண்டு வருஷம் சிவப்பு தாங்கும், அது போறதுக்குள்ள வெள்ளை எடத்தை பிடிச்சுக்கும்.

கிரிம்சன் ஒரு வருஷப் பயிர், தெற்குப் பக்கத்துக்குத்தான் அது ராஜா. ஜார்ஜியா, அலபாமா, மிசிசிப்பி பக்கம் செப்டம்பர் அக்டோபர்ல கோதுமையோட இல்ல ஓட்ஸோட கலந்து போட்டா குளிர்காலம் தாண்டி, வசந்தத்துல செவசெவன்னு பூத்து, விதை விட்டுட்டு செத்துடும். வடக்க விஸ்கான்சின் மாதிரி எடத்துல குளிர்ல தாங்கறது சந்தேகம், இலையுதிர்காலத்துக்கு மட்டும்னா போடலாம். ஆரோலீஃப்னு இன்னொண்ணு, அதுவும் தெற்குக்குத்தான், ஆனா மெதுவா ஆரம்பிச்சு வசந்தக் கடைசியிலதான் பொங்கி வரும், வேட்டை சீசன்ல அதை நம்பிப் பிரயோஜனம் இல்ல. தண்ணி நிக்கிற புளிச்ச மண்ணா, அங்க ஆல்சைக்னு ஒரு க்ளோவர் இருக்கு, அதைப் பாருங்க, ஆனா பக்கத்துல குதிரை மேஞ்சா வேண்டாம், குதிரைக்கு அது விஷம்.

இப்ப நேரக் கணக்கு, இதைத்தான் நெறைய பேர் விட்டுடறாங்க. விஸ்கான்சின்ல வில் சீசன் செப்டம்பர் நடுவுல ஆரம்பிக்குது, அப்ப க்ளோவர் பச்சையா இருக்கும், மானும் வரும். துப்பாக்கி சீசன் நவம்பர் கடைசி வாக்குல வர்ற தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமைதான், அதுக்குள்ள கடுமையான பனி ரெண்டு மூணு தடவை அடிச்சு க்ளோவர் படுத்துடும். அந்த வாரத்துக்கு பக்கத்துல ஒரு பட்டை ரை தானியமோ டர்னிப் கிழங்கோ போட்டு வைங்க, எவ்வளவு விலை குடுத்து வாங்கின க்ளோவரா இருந்தாலும் இதுதான் கதை.

பிராண்டு பை விஷயத்துக்கு வருவோம். வொயிட்டெயில் இன்ஸ்டிட்யூட்ங்கற விதைக் கம்பெனியோட இம்பீரியல் மானுக்குன்னே தேர்வு பண்ணின வெள்ளை க்ளோவர். ஜார்ஜியா பல்கலைக்கழகத்துல உருவாக்கின டுரானாவும் வெள்ளை க்ளோவர்தான், லடீனோவைவிட இலை சின்னது, ஆரம்பத்துல மெதுவா வந்தாலும் ஓடுதண்டு அடர்த்தியா விட்டு தெற்கு வெயில்லயும் மேய்ச்சல்லயும் நின்னு பிடிக்கும். ரெண்டும் சும்மா பேர் இல்ல. ஆனா எந்தப் பையா இருந்தாலும் டேக்கை, அதாவது பையில இருக்கிற விவரச் சீட்டைப் படிங்க. கோட்டிங் (விதை மேல பூசின பூச்சு) 34 சதவீதம்னு போட்டிருந்தா 5 பவுண்டு பையில 3.3 பவுண்டுதான் விதை, மொளைப்பு 90 சதவீதம்னா உருப்படியா வர்றது 3 பவுண்டுக்குள்ள. அந்தக் கணக்குல விலையை வகுத்துப் பாத்தா விவசாயிங்க கூட்டுறவு கடையில கிடைக்கிற சாதா லடீனோ எவ்வளவு மலிவுன்னு தெரியும். கோட்டிங்ல வேர் முடிச்சு பாக்டீரியா (காத்துல இருக்கிற நைட்ரஜனைப் பிடிச்சு செடிக்குக் குடுக்கிறது) சேர்த்தே வரும், அது ஒரு வசதி. கோட்டிங் இல்லாததுக்கு தனியா வாங்கிக் கலக்கணும், வெள்ளைக்கும் சிவப்புக்கும் ஒரே வகை போதும், கிரிம்சனுக்கு வேற, பாக்கெட்டுல எழுதியிருக்கும். வெயில்ல கார் டிக்கியில வச்சீங்கன்னா அந்த பாக்டீரியா செத்துடும்.

அளவு: ஏக்கருக்கு வெள்ளை 6 - 8 பவுண்டு, சிவப்பு 10 - 12, கிரிம்சன் 20 பக்கம். வெள்ளைக்கு ஏன் இவ்வளவு கம்மின்னா விதை பொடிசு, ஒரு பவுண்டுல கிட்டத்தட்ட 8 லட்சம் விதை. ஆழம் கால் இஞ்சுக்கு மேல போனா மொளைக்காது. பிஎச் 6க்கு மேல இல்லேன்னா விதைக்கு முன்னாடி சுண்ணாம்புக்கு செலவு பண்ணுங்க, அது வேலை செய்யவே சில மாசம் ஆகும், நைட்ரஜன் உரம் போட வேண்டாம், அதை அந்த பாக்டீரியாவே குடுத்துடும், போட்டா புல்லுதான் கொழுக்கும்.

ஏற்கனவே இருக்கிற ப்ளாட்டுல சொட்டை விழுந்த எடத்துக்கு உழவே வேண்டாம். பிப்ரவரி கடைசி மார்ச்ல ராத்திரி உறைஞ்சு பகல்ல இளகற நாளாப் பாத்து சிவப்பு விதையை மேலாக்க தூவி விடுங்க, மண்ணு வெடிச்சு மூடும்போது விதை தானா உள்ள எறங்கிடும்.