மலை வீட்டுக் கணினிக்கு டிஃபெண்டர் போதுமா?

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் காசில்லாமல் கூடவே வரும் ஆன்டிவைரஸான மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டரை ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கத்து வீடுகளை மனதில் வைத்து எடைபோட்டால், கிடைக்கும் பதில் இதுதான்: போதும், ஆனால் வாங்கி வைத்த நிலையிலேயே விட்டால் போதாது.

இங்கே வைரஸ் வீட்டுக்குள் வரும் வழிகளில் பென் டிரைவை இன்னும் ஒதுக்க முடியாது. எஸ்டேட் லைன் வீடுகளில் பிரிண்டர் இருப்பது அபூர்வம். சான்றிதழோ ஹால் டிக்கெட்டோ எடுக்க டவுனுக்கு இறங்க வேண்டும். ஜெராக்ஸ் கடைக் கணினியில் நாள் முழுக்க ஊராருடைய பென் டிரைவ்கள் செருகப்படும். ஒன்றில் இருந்தால் போதும், சாயங்காலத்துக்குள் எல்லாருக்கும் பங்கு வந்துவிடும்.

வந்து சேர்வது பெரும்பாலும் ஷார்ட்கட் வைரஸ். பென் டிரைவில் இருந்த ஃபோல்டரை அது அழிப்பதில்லை, மறைத்துவிட்டு அதே பெயரில் ஒரு ஷார்ட்கட்டை வைக்கிறது. ஐகானின் இடது கீழ்மூலையில் குட்டி அம்புக்குறி இருக்கும், அளவு 1 அல்லது 2 கேபி காட்டும். அதை டபுள் கிளிக் செய்தால் ஒளிந்திருக்கும் ஸ்கிரிப்ட் (கட்டளைக் கோப்பு) முதலில் ஓடும், அடுத்த நொடி உண்மையான ஃபோல்டரும் திறக்கும். ஃபோட்டோவெல்லாம் சரியாக இருக்கிறதே என்று யாருக்கும் சந்தேகமே வராது. அதற்குள் ஸ்கிரிப்ட் கணினியின் ஆப்டேட்டா ஃபோல்டரில் தன்னை நகல் எடுத்து, ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் ஓடும்படி பதிந்துவிடும். பென் டிரைவை மட்டும் சுத்தம் செய்தால் மறுநாள் திரும்ப வருவது இதனால்தான். பென் டிரைவைச் செருகியவுடனே தானாக ஓடும் பழைய ஆட்டோரன் வழியை மைக்ரோசாஃப்ட் 2009இல் விண்டோஸ் 7 வந்தபோதே அடைத்துவிட்டது. அதனால் இப்போது வைரஸுக்கு நம் விரல் தேவைப்படுகிறது.

இந்த வகையைப் பிடிப்பதில் டிஃபெண்டர் நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் இரண்டு குறைகள். ஃபுல் ஸ்கேன் கொடுத்தாலும் இயல்பான அமைப்பில் பென் டிரைவை அது தொடாது. டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்து தனியாக ஸ்கேன் கொடுக்க வேண்டும். அடுத்தது, வைரஸைத் தூக்கிவிடும், மறைந்த ஃபோல்டரை வெளியே கொண்டுவராது. ஷார்ட்கட்டை அழுத்தினால் பிழைச் செய்தி வரும், 'எல்லாம் போச்சு' என்று பென் டிரைவை ஃபார்மேட் செய்துவிடுவார்கள். கல்யாண ஆல்பம் போவது வைரஸால் அல்ல, இந்த அவசரத்தால். ஃபோல்டருக்கு ஹிடன், சிஸ்டம் என்ற இரண்டு முத்திரையும் விழுந்திருக்கும். அதனால் ப்ராப்பர்ட்டீஸில் ஹிடன் பெட்டி மங்கிப்போய் டிக்கை எடுக்க விடாது. ஸ்டார்ட்டில் சிஎம்டி என்று தேடித் திறந்து, பென் டிரைவின் எழுத்தை முக்காற்புள்ளியோடு தட்டி என்டர் கொடுங்கள். பிறகு ஆங்கில எழுத்துகளில், இடையிடையே ஓர் இடம் விட்டு, attrib -h -s -r /s /d *.* என்று தட்டினால் ஃபோல்டர்கள் திரும்ப வரும். சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷனுக்கு அனுமதி இல்லை என்று வந்தால் கண்டுகொள்ள வேண்டாம்.

டிஃபெண்டர் மேல் வரும் புகார்களில் பாதி அதன் தப்பே இல்லை. திருட்டு விண்டோஸ், கிராக் செய்த ஆஃபீஸ் போட்டுக் கொடுப்பவர்கள், அதை அசல்போல ஓடவைக்கும் ஆக்டிவேட்டரை டிஃபெண்டர் பிடித்துவிடும் என்று சி டிரைவையே, ஸ்கேன் செய்யாமல் விடும் விலக்குப் பட்டியலில் சேர்த்துவிடுவது உண்டு. பச்சை டிக் காட்டிக்கொண்டே இருக்கும், உள்ளே காவல் கிடையாது. ஸ்டார்ட்டில் விண்டோஸ் செக்யூரிட்டி என்று தேடித் திறந்து, வைரஸ் அண்ட் த்ரெட் ப்ரொடெக்‌ஷன், மேனேஜ் செட்டிங்ஸ் என்று போய்க் கடைசியில் இருக்கும் எக்ஸ்குளூஷன்ஸைப் பாருங்கள். நீங்களாகச் சேர்க்காத எதுவும் அங்கே இருக்கக் கூடாது. அதே பக்கத்தில், டிஃபெண்டரின் அமைப்பை மற்ற மென்பொருள்கள் மாற்றாமல் தடுக்கும் டேம்பர் ப்ரொடெக்‌ஷன் ஆனில் இருக்கட்டும். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேருக்கு எதிரான கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ் இயல்பாக ஆஃபில்தான் வரும், ஆன் செய்யுங்கள். அதன்பின் சில பழைய தமிழ் டைப்பிங் மென்பொருள்கள் டாக்குமென்ட்ஸில் சேமிக்க முடியாமல் திணறும். அந்த மென்பொருளுக்கு மட்டும் அனுமதி கொடுத்தால் சரியாகிவிடும்.

டிஃபெண்டர் தடுமாறும் இடம் வேறு. வீட்டிலேயே ஹோம்ஸ்டே நடத்துபவர்களுக்கு 'விருந்தினர் புகார்' என்று மெயில் வரும். இணைப்பைத் திறந்தால், நீங்கள் மனிதர்தானா என்று சோதிக்கும் ஒரு பக்கம். விண்டோஸ் கீயோடு ஆர், பிறகு கன்ட்ரோல் வி, என்டர் அழுத்தச் சொல்லும். கிளிப்போர்டில் அது முன்பே வைத்த கட்டளையை நம் கையாலேயே ஓடவைக்கும் வித்தை இது, கிளிக்ஃபிக்ஸ் என்று பெயர். கட்டளை கொடுப்பது வீட்டுக்காரரே என்பதால் டிஃபெண்டர் சில சமயம் பிடிக்கும், சில சமயம் விட்டுவிடும். எந்த நேர்மையான தளமும் அந்த மூன்று விசைகளை அழுத்தச் சொல்லாது.

மலைக்கே உரிய தொல்லை இன்னொன்று. போன் ஹாட்ஸ்பாட்டில் டேட்டா மிச்சம் பிடிக்க மீட்டர்டு கனெக்‌ஷன் போட்டு வைத்தால், விண்டோஸ் அப்டேட் பலவும் தானாக இறங்காமல் நின்றுவிடும். வாரம் ஒருமுறை ப்ரொடெக்‌ஷன் அப்டேட்ஸில் செக் கொடுங்கள். சிக்னலே இல்லாத வீடென்றால், ஆஃப்லைன் அப்டேட் கோப்பை மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து வேறு இடத்தில் இறக்கிக் கொண்டுவரலாம். 100 எம்பிக்கு மேல் இருக்கும். 4 ஜிபி ரேமும் பழைய ஹார்ட் டிஸ்க்கும் உள்ள கணினியில் ஃபுல் ஸ்கேன் மணிக்கணக்கில் ஓடும், மற்ற வேலை எதுவும் நகராது. ஆடிக் காற்றில் மரம் சாய்ந்து கரண்ட் போனால் முதலிலிருந்து ஓடவிட வேண்டியதுதான். பிடிவாதமான வைரஸுக்கு ஆஃப்லைன் ஸ்கேன் மேல்: ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் எழும் முன்பே தேடும், சுமார் 15 நிமிடம். யுபிஎஸ் இருந்தால் மட்டும் தொடங்குங்கள்.

காசு கொடுத்து வாங்கும் ஆன்டிவைரஸ்? சாதாரண வீட்டுக்குத் தேவையில்லை. லேப்டாப்போடு வந்த ட்ரையல் முடிந்துபோய்க் கிடந்தால் அதை அன்இன்ஸ்டால் செய்யுங்கள், அது இருக்கும்வரை டிஃபெண்டர் ஒதுங்கியே நிற்கக்கூடும்.

விண்டோஸ் 10க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. டிஃபெண்டரின் வைரஸ் பட்டியல் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. பட்டியல் வந்தாலும் விண்டோஸில் உள்ள ஓட்டைகள் அடைபடாது. 2017 மே மாதம் வானாக்ரை என்ற ரேன்சம்வேர் பரவியது, அந்த மார்ச்சிலேயே வந்த அப்டேட்டைப் போடாத கணினிகளில்தான். 11க்கு மாற முடியாதவர்கள், கூடுதல் பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் சேர வேண்டும்.

பிரிண்ட் எடுக்க மட்டும் ஒரு பழைய 4 ஜிபி பென் டிரைவை ஒதுக்கி வையுங்கள். வேண்டிய பிடிஎஃப்பைத் தவிர அதில் எதுவும் வேண்டாம். திரும்பி வந்ததும் எந்த ஐகானையும் தொடாமல் ஃபார்மேட் செய்துவிடலாம்.