நிக்கோனோஸ் வாங்கப் போகிறவர்கள் பணம் போடுவதற்கு முன் வாசிக்கவும்

வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் ஃபிலிம் கமரா பக்கம் திரும்பியிருக்கிற இளம் பிள்ளைகள் இப்போது கொஞ்சப் பேர் இருக்கிறார்கள். உங்களில் யாராவது நிக்கோனின் நீரடிக் கமராவான நிக்கோனோஸ் வாங்கும் யோசனையில் இருந்தால் இதை முழுக்க வாசித்துவிட்டு முடிவெடுங்கள். கொழும்பிலிருந்து பழைய கமராக்களை இணையத்தில் விற்கிற ஒருவர், ஏற்கெனவே கடல் தண்ணீர் குடித்த கமரா ஒன்றை ‘ஃபுல் சர்வீஸ் செய்தது, 50 மீற்றர் வரை போகலாம்’ என்று சொல்லி எனக்கு விற்றார். தெரிந்தேதான் விற்றார். அதற்கான ஆதாரத்தையும் கீழே எழுதுகிறேன்.

நிக்கோனோஸ் என்பது தண்ணீர் புகாத பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோகிற கமரா அல்ல. அதன் உடம்பே தண்ணீருக்கென்று செய்தது. பெல்ஜியப் பொறியியலாளர் ஜான் டி வூட்டர்ஸ், பிரெஞ்சுக் கடலாய்வாளர் கூஸ்தோவுக்காக வடிவமைத்த கலிப்சோ கமராவை நிக்கோன் தன் கைக்கு எடுத்து, 1963 இல் முதலாவது நிக்கோனோஸை வெளியிட்டது. நான் வாங்கிய ஐந்தாவது மொடல் 1984 இல் வந்தது. 2001 இல் உற்பத்தி நின்றுபோனது. அப்படியென்றால் இன்று கைக்கு வருகிற எந்த நிக்கோனோஸுக்கும் இருபது வயதுக்கு மேல். உள்ளே தண்ணீரை மறிக்கிற ரப்பர் வளையங்களை யாரும் மாற்றியிருக்காவிட்டால் அவற்றுக்கும் அதே வயதுதான்.

கரையில் நின்று ஆட்கள் கூடி இழுக்கிற கரைவலையைப் படம் எடுக்க எனக்கு அது வேண்டியிருந்தது. வலையின் மடி, அதாவது மீன் சேருகிற பை, கரையை நெருங்குகிற நேரம், கடலுக்குள் இடுப்பளவில் நின்று, அலை மட்டத்தில் வைத்து இழுப்பவர்களின் முகங்களை எடுக்க வேண்டும். கரையில் நின்று எடுத்தால் முதுகுகள்தான் கிடைக்கும். மழையிலும் புழுதியிலும் உப்புக் காற்றிலும் பயப்படாமல் தூக்கிக்கொண்டு திரியலாம் என்பதும் ஒரு காரணம். எங்கள் பக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான கமரா இல்லை என்று இப்போதும் நினைக்கிறேன்.

விளம்பரத்தில் இருந்தது 35 மில்லிமீற்றர் லென்ஸ். பேச்சும் அதற்குத்தான், 80,000 ரூபாவுக்கு மேல் வங்கியில் போட்டதும் அதற்குத்தான். கூரியரில் வந்ததோ 28 மில்லிமீற்றர். முன்வளையத்தில் ‘யூ டபிள்யூ நிக்கோர்’ (UW-Nikkor) என்று பொறித்திருக்கும் இந்த லென்ஸ் தண்ணீருக்குள் மட்டுமே வேலை செய்யும். கண்ணாடியின் முன்னால் தண்ணீர் இருக்கும் என்று கணக்கிட்டே அதைச் செய்திருக்கிறார்கள். தரையில் எதைக் காட்டினாலும் மங்கல்தான். 35 உம் 80 உம் இரண்டு இடத்திலும் வேலை செய்யும். ‘யூ டபிள்யூ’ என்று பொறித்த 15, 20, 28 மூன்றும் தண்ணீருக்கு மட்டும். நான் இதைச் சொன்னதும் வந்த பதில்: “அண்ணை, இது அதைவிட விலை கூடின லென்ஸ். ரெண்டு இடத்திலயும் அடிக்கும். நீங்கள் தூரம் பிழையா வைச்சிருப்பியள்.”

சரி, காட்டுவோம் என்று வீட்டு வேலியோரப் பனையை, அடி அளந்து தூரம் வைத்து, லென்ஸின் துவாரத்தை எஃப்/11 க்குக் குறைத்து எடுத்து அனுப்பினேன். ஒரு ஓலைகூடக் கூர்மையாக இல்லை. ‘35 ஐப் பிறகு அனுப்புறன், அதுவரை தண்ணிக்குள்ள பாவியுங்கோ’ என்றார். 35 வரவே இல்லை.

வ்யூஃபைண்டரில் ஷட்டர் வேகம் காட்டுகிற சிவப்பு விளக்கும் விட்டு விட்டுத்தான் எரிந்தது. புது பற்றரி போடச் சொன்னார். போட்டேன், அதே கதை. விற்பதற்கு முன் அவர் அனுப்பிய வீடியோவில் ஷட்டர் ‘டிக் டிக்’ என்று அழகாக அடித்தது. அதைக் கொண்டு எதையும் நம்ப முடியாது. இந்த மொடலில் எம்-90 என்ற நிலை முழுக்க இயந்திர வேலை, பற்றரி இல்லாமலே 1/90 இல் அடிக்கும். மின்சுற்று செத்துக் கிடந்தாலும் அடிக்கும். வீடியோவை மறுபடி பார்த்தேன். அவருடைய டயல் முழு நேரமும் எம்-90 இல்தான் நின்றது.

கடலுக்குக் கொண்டுபோவதற்கு முதல் நாள் ஃபிலிம் போடாமல் கிணற்றுத் தண்ணீர் வாளியில் ஒரு இரவு முழுக்கக் கிடக்க விட்டேன். குமிழி வரவில்லை, உள்ளே ஈரமும் இல்லை. வாடை முடிந்து கடல் இறங்கியிருந்த நேரம், வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு முந்தின கிழமை, முல்லைத்தீவுக் கரையில் வலைச் சொந்தக்காரரான சம்மாட்டியிடம் கேட்டுக்கொண்டு வலை இழுக்கிற இடத்தில் இறங்கினேன். தண்ணீர் இடுப்புக்கு மேலே இல்லை. ரோல் பாதி போகும்போது லென்ஸுக்குள் ஆவி படிந்தது. கொஞ்ச நேரத்தில் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு துளி அங்குமிங்கும் உருண்டது. உடனே கரையேறி, துடைத்து, ஃபிலிமை ரிவைண்ட் செய்துவிட்டு, பின்மூடியைக் கீழே பார்க்கப் பிடித்துத் திறந்தேன். கடல் தண்ணீர் என் காலில் கொட்டியது.

ஃபிலிமை இருட்டுப் பைக்குள் வைத்து நல்ல தண்ணீர் ஊற்றிய, ஃபிலிம் கழுவுகிற டாங்குக்கு மாற்றினேன். உப்புத் தண்ணீர் பட்ட ஃபிலிமைக் காயவிட்டால் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். அன்றிரவே வீட்டில் கழுவினேன். இல்ஃபோர்ட் எச்பி5 என்ற கறுப்பு வெள்ளை ஃபிலிம் என்பதால் அது முடிந்தது. ஓரமெல்லாம் கறை. ஆனால் லென்ஸ் தண்ணீருக்குக் கீழே இருந்தபோது எடுத்த ஒரு படத்தில் வலைக் கண்ணியின் முடிச்சுகூட எண்ணக்கூடியதாக இருக்கிறது. அடுத்த படம், அதே ஆள், அதே தூரம், லென்ஸ் அலைக்கு மேலே: ஒரே மங்கல். இந்த இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்து அனுப்பியதற்கு இன்றுவரை பதில் இல்லை.

கமராவை நல்ல தண்ணீரில் அலசிவிட்டு அன்று பின்னேரமே புதுக்குடியிருப்பில் மணிக்கூடு திருத்துகிற ஐயா ஒருவரிடம் கொண்டுபோயிருந்தேன். அவர் நிக்கோனோஸைக் கண்ணால் கண்டதில்லை, ஆனால் கை நிதானம். திறந்து பார்த்து, ஃபிலிம் சுற்றும் லீவரின் தண்டைச் சுற்றியிருந்த வளையத்தைச் சாமணத்தால் தூக்கினார். அது இரண்டாக உடைந்தது. ஒரு பக்கம் தேய்ந்து தட்டையாகி, ரப்பர் என்று சொல்ல முடியாதபடி இறுகிப்போயிருந்தது. பின்மூடியிலும் லென்ஸிலும் இருந்த வளையங்களோ புத்தம் புதியவை, கிறீஸ் அப்பிக் கிடந்தன. விற்றவர் செய்த சர்வீஸ் அவ்வளவுதான்: கையால் கழற்றக்கூடிய வெளி வளையங்களை மாற்றியது. வாளிக்குள் லீவரை யாரும் அசைக்கவில்லை. கடலில் ஒவ்வொரு முறை சுற்றும்போதும் அந்தத் தண்டு வழியாகத்தான் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது.

பிறகு ஐயா மணிக்கூடு திருத்துகிற பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்து மின்சுற்றைப் பார்த்தார். மூலையெல்லாம் பச்சைப் பொருக்கு. “தம்பி, இது இண்டைக்குப் போன உப்பில்லை. ஒரு நாளில இப்பிடிப் பச்சை பிடிக்காது. கன காலத்துக்கு முன்னமே இது கடல்ல விழுந்திருக்குது.” பற்றரி அறையைக் காட்டினார். தொடுமுனை பளபளவென்று இருந்தது, அதில் அரத்தாள் தேய்த்த கோடுகள். அதைச் சுற்றியுள்ள மரையில் அதே பச்சை. தொடுமுனையை மினுக்கிய கைக்கு மரையில் இருந்ததும் தெரிந்திருக்கும். தெரிந்தே விற்றார் என்று நான் சொல்வதற்கு இதுதான் ஆதாரம்.

இதைப் படம் எடுத்து அனுப்பியதும், ‘கமராவைத் திருப்பி அனுப்புங்கோ, பாத்துட்டுக் காசு போடுறன்’ என்றார். அனுப்பினேன். கிடைத்ததாக ஒப்புக்கொண்டார். அடுத்த நாள், ‘நீங்கள்தான் தண்ணிக்குள்ள போட்டுப் பழுதாக்கினீங்கள்’ என்று ஒரு வரி. தண்ணீருக்குள் போட என்றே விற்ற கமராவுக்கு இந்தப் பதில். அதன் பிறகு என் இலக்கத்தைத் தடுத்துவிட்டார்.

வாங்குகிறவர்கள் தயவுசெய்து இவற்றைக் கேளுங்கள். பற்றரி மூடியைக் கழற்றி, மரை தெரிய, வெளிச்சத்தில் ஒரு படம். லென்ஸின் முன்வளையத்தில் உள்ள எழுத்து வாசிக்கக்கூடிய படம். டயலை, வேகத்தைக் கமராவே தீர்மானிக்கிற ‘ஏ’ இல் வைத்து, விளக்கு எரிய, வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் வேகம் மாறுவது தெரியும் வீடியோ. லீவர், ரிவைண்ட், ஷட்டர் டயல் தண்டுகளின் உள் வளையங்களை யார் மாற்றினார்கள், அழுத்தச் சோதனை செய்தார்களா என்று எழுத்தில் பதில். இவற்றைத் தர மறுக்கிறவரிடம் தரையில் மட்டும் பாவிக்கிற விலை கொடுங்கள், அதற்கு மேல் ஒரு சதமும் வேண்டாம். கடலுக்குத்தான் வேண்டுமென்றால் மூன்றாவது மொடலைத் தேடிப் பாருங்கள் என்பேன். அதில் மின்சுற்றே இல்லை. தண்ணீர் போனாலும் உடனே அலசித் திருத்தக் கொடுத்தால் பிழைக்க இடமுண்டு.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு எழுதிக் கொடுத்திருக்கிறேன். 1977 என்ற இலக்கத்திலும் சொல்லலாம். பணம் மாற்றிய பற்றுச்சீட்டு, கூரியர் சீட்டு, வட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் அழிக்காமல் வைத்திருங்கள்.

இதை இன்று எழுதக் காரணம், அதே கமரா திரும்பவும் விற்பனைக்கு வந்திருக்கிறது. செம்மஞ்சள் உடம்பு, இடது பக்க வார் வளையத்துக்குக் கீழே பிறை வடிவில் ஒரு வெள்ளைக் கீறல், டயலில் ‘எம்-90’ எழுத்தின் பாதி அழிந்திருக்கும். ‘தண்ணீரில் இறக்கவே இல்லை’ என்று இம்முறை போட்டிருக்கிறார். கண்டால் வாங்காதீர்கள். விளம்பரத்தைப் படம் பிடித்து எனக்கு அனுப்பிவையுங்கள், முறைப்பாட்டோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும்.