வேட்பாளர் பிரமாணப் பத்திரங்களைப் படிக்கும் இணையச் சேவை: 2016 தேர்தலை முன்வைத்து ஒரு மதிப்புரை

தேர்தலில் நிற்பவர் தம்முடைய சொத்து, கடன், வழக்கு, படிப்பு ஆகியவற்றைச் சத்தியம் செய்து எழுதிக் கொடுக்கும் பிரமாணப் பத்திரத்தை, வாக்காளர் எவரும் ஒரு காசு செலவில்லாமல் வீட்டிலிருந்தே படிக்க முடியும். இந்தியத் தேர்தல் ஆணையம் இணையதளம் வழியாகவும் கைப்பேசிச் செயலி வழியாகவும் வழங்கும் இந்தச் சேவையை ஒவ்வொரு தேர்தலிலும் பயன்படுத்தி வருகிறேன். உறவினர்களுக்கும் அக்கம்பக்கத்தினருக்கும் படித்துக் காட்டியும் இருக்கிறேன். இதன் பயனையும் இதில் விடுபட்டிருப்பதையும் ஒருசேர எனக்குப் புரியவைத்தது 2016ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டமன்றத் தேர்தல்தான். பணம் பெருமளவில் புழங்கிய அந்தத் தேர்தலில் ஆட்சியில் இருந்த கட்சியே மீண்டும் வென்றது. ஆகவே இந்த மதிப்புரையை அந்தத் தேர்தலை வைத்தே எழுதுகிறேன்.

அந்த ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் தஞ்சாவூர் கீழவாசலில் என் அத்தை வீட்டில் இருந்தேன். அத்தை முற்றத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்க, நான் மடிக்கணினியில் முக்கிய வேட்பாளர்களின் பத்திரங்களை ஒவ்வொன்றாகத் திறந்து வாசித்துக் காட்டினேன். கையிருப்பு இவ்வளவு, வங்கியில் இவ்வளவு, மனைவி பெயரில் தங்கம் இத்தனை கிராம், எந்தக் கிராமத்தில் எந்தச் சர்வே எண்ணில் எத்தனை ஏக்கர் நிலம் என்று எல்லாம் அதில் இருந்தன. அத்தை குறுக்கே பேசாமல் கடைசிவரை கேட்டார். பிறகு, "ஏன்டா தம்பி, பவுன் கணக்கெல்லாம் சரி. ராத்திரியில தெருவுக்குள்ள வர்ற பணத்த எந்தப் பக்கத்துல எழுதியிருக்கு?" என்று கேட்டுவிட்டு, அடுத்த கொத்தை எடுத்து உருவத் தொடங்கினார். என்னிடம் பதில் இல்லை. இந்தச் சேவையை எப்போது திறந்தாலும் அந்தக் கேள்வியும் கூடவே நினைவுக்கு வருகிறது.

முதலில் இதன் நிறைகளைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அவை சாதாரணமானவை அல்ல. இந்தப் பத்திரங்கள் மக்கள் கைக்கு வந்தது அரசியல் கட்சிகளின் தாராளத்தால் அன்று. ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் என்ற தன்னார்வ அமைப்பு தொடுத்த வழக்கில் 2002 மே 2 அன்று உச்ச நீதிமன்றம், தன்னிடம் வாக்குக் கேட்பவர் யார் என்று அறிவது வாக்காளரின் உரிமை என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பின் வீச்சைக் குறைப்பதற்காக நாடாளுமன்றம் கொண்டுவந்த சட்டத் திருத்தத்தையும் 2003 மார்ச்சில் அதே நீதிமன்றம் செல்லாததாக்கியது. பதில் எழுதாமல் கட்டங்களை வெறுமையாக விடும் பழக்கத்துக்கு 2013இல் முற்றுப்புள்ளி வைக்கப்பட்டது. வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும் என்று 2018இல் இன்னொரு தீர்ப்பு வந்தது. இப்போது இந்தப் பத்திரத்துக்கான படிவமான படிவம் 26இல் ஐந்தாண்டு வருமான வரிக் கணக்கும் கேட்கப்படுகிறது. படிவத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் பின்னால் யாரோ ஒருவர் நீதிமன்றப் படியேறி நின்ற உழைப்பு இருக்கிறது என்பதால், இதை நான் மிகுந்த மரியாதையுடனேயே படிக்கிறேன்.

பயன்படுத்தும் முறை எளிது. தேர்தலையும் மாநிலத்தையும் தொகுதியையும் தேர்ந்தெடுத்தால், வேட்புமனு தாக்கல் செய்தவர்களின் பட்டியல் புகைப்படத்துடன் வருகிறது. ஏற்கப்பட்டவர், தள்ளுபடியானவர், திரும்பப் பெற்றவர் என்று நிலையும் அருகிலேயே இருக்கிறது. ஆயினும் பத்திரங்களில் பெரும்பாலானவை முத்திரையும் நோட்டரி கையெழுத்தும் தெரியும்படி ஸ்கேன் செய்யப்பட்ட படங்களாகவே கிடைப்பதால், ஒரு சொல்லைத் தட்டித் தேடவோ இரண்டு வேட்பாளர்களை அருகருகே வைத்து ஒப்பிடவோ இயலாது. வேட்பாளர் எந்த மொழியில் தாக்கல் செய்தாரோ அந்த மொழியில்தான் படித்தாக வேண்டும். சுருக்கமான அட்டவணை வேண்டுவோர் மேற்சொன்ன சங்கம் நடத்தும் மைநேதா தளத்தையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வது நல்லது. நான் எப்போதும் இரண்டையும் திறந்து வைத்துக்கொண்டே உட்காருவேன்.

ஏற்கெனவே பதவியில் இருப்பவரைப் பற்றி அறியத்தான் இந்தச் சேவை மிகவும் உதவுகிறது. புதியவருக்கு ஒரே ஒரு பத்திரம்தான் இருக்கும். பதவியில் இருப்பவருக்கோ முந்தைய தேர்தல்களின் பத்திரங்களும் இருப்பதால், ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்துப் படிக்கலாம். ஜெயலலிதாவின் பத்திரங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். 2011இல் 51.40 கோடி ரூபாய், 2015 இடைத்தேர்தலில் 117.13 கோடி, 2016இல் 113.73 கோடி என்று அவர் காட்டிய சொத்து மதிப்பு ஏறியும் இறங்கியும் வந்திருக்கிறது. 1,250 கிலோ வெள்ளி இருந்தது. அவர் மீதான சொத்துக் குவிப்பு வழக்கின் பொருட்டுக் கர்நாடக அரசின் கருவூலத்தில் இருந்த 21,280 கிராம் தங்கமும், 1980ஆம் ஆண்டின் அம்பாசடர் கார் ஒன்றும்கூட அந்தப் பத்திரத்தில் இடம்பெற்றிருந்தன. எதிர்த் தரப்பில் திருவாரூரில் நின்ற கருணாநிதி, குடும்பத்தினரின் சொத்தையும் சேர்த்து ஏறத்தாழ 63 கோடி காட்டியிருந்தார். நாட்டின் பெரிய தலைவர்கள் தங்கள் வீட்டுப் பெட்டகத்தை நம் முன் திறந்து காட்ட வேண்டியிருக்கிறது என்பதே எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. சொத்து கூடியிருப்பதாலேயே ஒருவரைக் குற்றவாளியாக்கிவிடக் கூடாது. நிலத்தின் சந்தை மதிப்பு உயர்ந்தாலே தொகை கூடிவிடும். எனவே மொத்தத் தொகையைப் பார்ப்பதைவிட, புதிதாகச் சேர்ந்த சொத்து எது, அது வாங்கப்பட்ட ஆண்டு எது என்று பார்ப்பதே சரியான படிப்பு. வாங்கிய தேதியும் வாங்கிய விலையும் படிவத்திலேயே தனி வரியாக இருக்கின்றன.

இனி அத்தையின் கேள்விக்கு வருகிறேன். மே 16 அன்று வாக்குப்பதிவு நடந்து, 19 அன்று முடிவுகள் வந்தபோது, அ.தி.மு.க. 232 இடங்களில் 134ஐ வென்றிருந்தது. தி.மு.க. கூட்டணிக்கு 98 இடங்கள் கிடைத்தன. 1984க்குப் பிறகு தமிழ்நாட்டில் ஆளும் கட்சி ஒன்று மீண்டும் ஆட்சிக்கு வந்தது அதுவே முதல் முறை. மொத்தத் தொகுதிகள் 234 ஆயினும் 232க்கு மட்டுமே தேர்தல் நடந்ததன் காரணத்தைத்தான் இங்கே கவனிக்க வேண்டும். அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் வாக்காளர்களுக்குப் பணமும் பொருளும் கொடுக்கப்பட்டதாகக் கண்டு, தேர்தல் ஆணையம் வாக்குப்பதிவை முதலில் மே 23க்கும் பிறகு ஜூன் 13க்கும் தள்ளிவைத்து, இறுதியில் அறிவிக்கையையே ரத்து செய்தது. பண விநியோகத்துக்காகச் சட்டமன்றத் தொகுதியின் தேர்தல் இப்படி ரத்தானது நாட்டிலேயே அதுவரை நடக்காத ஒன்று. என் அத்தை நவம்பர் 19 அன்றுதான் வாக்களித்தார். "முகூர்த்தத்தத் தள்ளி வைக்கிற மாதிரி தள்ளித் தள்ளி வச்சாங்க" என்று இன்றும் சொல்வார். அப்போதும் இரு தொகுதிகளிலும் ஆளும் கட்சியே வென்றது.

இவ்வளவு பெரிய நிகழ்வின் ஒரு சிறு தடயமும் பிரமாணப் பத்திரத்தில் கிடையாது, இருக்கவும் முடியாது. பத்திரம் வேட்புமனுவோடு தரப்படுவது. அந்த நாளில் வேட்பாளரிடம் என்ன இருக்கிறது என்பதை மட்டுமே சொல்வது. அவருக்காக அதற்குப் பிறகு யார் எவ்வளவு செலவிடப் போகிறார்கள் என்று சொல்வது அதன் வேலையன்று. செலவுக்கென்று வேறு கணக்கு இருக்கிறது. 2016இல் சட்டமன்ற வேட்பாளருக்கு உச்சவரம்பு 28 இலட்சம் ரூபாய், 2020இல் 30.8 இலட்சமாகி, 2022 முதல் 40 இலட்சம். வேட்பாளர் இதற்கெனத் தனி வங்கிக் கணக்கு தொடங்க வேண்டும். டீ, காபி, வடை, நாற்காலி, சாமியானா, மேளம், கொடி என்று ஒவ்வொன்றுக்கும் மாவட்டத் தேர்தல் அலுவலர் விலைப்பட்டியல் வெளியிடுவார். கூட்டத்தில் போடப்பட்ட நாற்காலிகளை வீடியோவில் எண்ணி, அந்த விலையால் பெருக்கி, ஆணையத்தின் குழு தனியாக ஒரு நிழல் பதிவேட்டில் குறித்துக்கொள்ளும். வேட்பாளரின் கணக்கும் அந்தப் பதிவேடும் ஒப்பிட்டுப் பார்க்கப்படும். முடிவு வந்த 30 நாட்களுக்குள் முழுக் கணக்கையும் ஒப்படைக்க வேண்டும். தவறினால் மூன்றாண்டு வரை போட்டியிடத் தகுதியிழப்பு. இந்த ஏற்பாட்டை உருவாக்கியவர்கள் உண்மையான அக்கறையோடுதான் உருவாக்கியிருக்கிறார்கள்.

ஆனால் உச்சவரம்பு வேட்பாளருக்கு மட்டும்தான், கட்சிக்கு இல்லை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 77ஆம் பிரிவுப்படி, நட்சத்திரப் பேச்சாளர்களின் பயணச் செலவு வேட்பாளர் கணக்கில் சேராது. குறிப்பிட்ட வேட்பாளருக்கென்று அல்லாமல் கட்சிக்குப் பொதுவாகச் செய்யப்படும் பிரசாரத்துக்கு வரம்பே கிடையாது. ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். 234 தொகுதிகளிலும் போட்டியிடும் ஒரு கட்சியின் வேட்பாளர்கள் அனைவரும் வரம்பின் கடைசி ரூபாய்வரை செலவழித்திருந்தாலும் 2016இல் மொத்தம் 65.52 கோடிதான் வரும். அந்த ஒரு தேர்தலில் தமிழ்நாட்டில் பறக்கும் படைகள் கைப்பற்றிய ரொக்கமோ 100 கோடிக்கு மேல். அதில் வியாபாரிகள் எடுத்துச் சென்று, பின்னர் ஆவணம் காட்டித் திரும்பப் பெற்ற பணமும் உண்டு என்பதை மறுக்கவில்லை. அப்படியே கழித்துக்கொண்டாலும், பிடிபடாமல் போனது எவ்வளவு என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது.

2016இன் முடிவைப் பணம் மட்டுமே தீர்மானித்தது என்று நான் சொல்ல வரவில்லை. எதிர்க்கட்சி வாக்குகள் பிரிந்தன. அம்மா உணவகம் போன்ற திட்டங்களுக்கு மக்களிடம் உண்மையான வரவேற்பு இருந்தது. ரத்தான இரு தொகுதிகளிலும் புகார் ஒரு கட்சியின் மேல் மட்டும் எழவில்லை. ஆயினும் ஆட்சியில் இருப்பவருக்கு அரசு விளம்பரத்தின் பலனும் சேர்ந்தே கிடைக்கிறது. அரசு விளம்பரங்களில் முதலமைச்சர்களின் படம் கூடாது என்று 2015இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2016 மார்ச்சில், அதாவது இந்தத் தேர்தலுக்கு இரண்டு மாதம் முன்பு, அந்தத் தடையைத் தளர்த்தியது. அந்த விளம்பரங்களின் செலவும் எந்த வேட்பாளரின் கணக்கிலும் ஏறாது. அத்தேர்தலில் மூன்றாவது அணியாக நின்ற மக்கள் நலக் கூட்டணி ஓரிடத்திலும் வெல்லவில்லை. அந்த அணி வேட்பாளர்களின் பத்திரங்களையும் பெரிய கட்சி வேட்பாளர்களின் பத்திரங்களையும் அருகருகே வைத்துப் படித்தால் தனிமனிதர்களின் செல்வ வேறுபாடு தெரியும். இரு தரப்புக்கும் பின்னால் இருந்த கட்சிப் பணத்தின் வேறுபாடு எந்தப் பக்கத்திலும் தெரியாது. அதுவே எனக்குப் பெரும் குறையாகப் படுகிறது.

கட்சிகளும் சட்டமன்றத் தேர்தல் முடிந்த 75 நாட்களுக்குள் ஆணையத்திடம் செலவு அறிக்கை தருகின்றன, அதுவும் வெளியிடப்படுகிறது. ஆனால் அது வேட்பாளர் பக்கத்தோடு இணைக்கப்படாமல், கட்சிகளுக்கான வேறொரு பகுதியில் இருக்கிறது. வாக்களித்து முடித்த பிறகே வருகிறது. வேட்பாளரின் செலவுக் கணக்கும் அப்படியே மாவட்டத் தேர்தல் அலுவலரின் தளத்தில் தனியே கிடக்கிறது. ஒரே மனிதரைப் பற்றிய மூன்று ஆவணங்கள் மூன்று இடங்களில் இருந்தால், வேலைக்குப் போய் வரும் ஒருவரால் எப்படித் தேடிச் சேர்க்க முடியும்? ஒரு வேட்பாளரின் பெயரைத் தொட்டால் சொத்து, தொகுதிச் செலவு, அவருடைய கட்சியின் மாநிலச் செலவு ஆகிய மூன்றும் ஒரே திரையில் வர வேண்டும். இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை, இருக்கும் தாள்களை ஒன்றாகக் கோர்த்தாலே போதும். பண விநியோகத்தைக் காரணம் காட்டித் தேர்தலை ரத்து செய்யும் வெளிப்படையான அதிகாரத்தைச் சட்டத்திலேயே சேர்க்க வேண்டும் என்று 2016இல் ஆணையம் மத்திய அரசைக் கேட்டது, அது ஏற்கப்படவில்லை. தாள்களைக் கோர்க்கும் வேலை அவ்வளவு கடினமானதன்று.

மதிப்பெண் போடச் சொன்னால், வேட்பாளரை அறிந்துகொள்வதற்கு 5க்கு 4, தேர்தலை அறிந்துகொள்வதற்கு 5க்கு 2 கொடுப்பேன். வாக்களிக்கும் முன் ஒவ்வொருவரும் கட்டாயம் பயன்படுத்த வேண்டிய சேவை இது என்பதில் எனக்கு ஐயமில்லை. அரை மணி நேரம் ஒதுக்கி, நிலுவையிலுள்ள வழக்குகள், கடன், அரசுக்குச் செலுத்த வேண்டிய பாக்கி, கடைசியாக வாங்கிய நிலம் ஆகிய நான்கு இடங்களையாவது படித்துவிடுங்கள். உங்கள் தொகுதியில் வென்றவர் ஏற்கெனவே உறுப்பினராக இருந்தவர் என்றால், முடிவு வந்து 30 நாள் கழித்து மாவட்டத் தேர்தல் அலுவலரின் தளத்தில் அவருடைய செலவுக் கணக்கையும் திறந்து, நீங்கள் நேரில் கண்ட கூட்டம் ஒன்றின் தேதியைத் தேடி, அன்று எத்தனை நாற்காலி என்று எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள்.