ஒரு லட்சத்து முப்பத்தெட்டாயிரத்துக்கு ஒரு பச்சை லைட்

போன சனிக்கிழமை இரவு எங்கள் ஆபீஸ் சர்வர் மொத்தமும் பூட்டிக்கொண்டது. கோத்தகிரிப் பக்கம் ஒரு சின்னத் தேயிலை ஃபேக்டரியில் கணக்குப் பார்க்கிறேன். கீழேயிருந்து வந்து சர்வர், நெட்வொர்க் எல்லாம் போட்டுத் தருகிற ஒரு கம்பெனியிடம் ஏமாந்தோம். பெயரைப் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லிவிட்டார். உங்கள் ஆபீஸில் என்னென்ன சரிபார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

கொடுத்தது 1,38,000 ரூபாய். சர்வர், வெளியாட்களைத் தடுக்கும் பயர்வால் பெட்டி, ஏஎம்சி என்கிற ஒரு வருடப் பராமரிப்பு ஒப்பந்தம் எல்லாம் சேர்த்து. முதலாளி யோசித்தார். "நல்ல ஆளாத் தெரியுது சார்" என்று சொன்னது நான்தான். அதுதான் ஆறவே மாட்டேன் என்கிறது. வந்த தம்பி அப்படி இருந்தார். அன்றைக்கு நல்ல மழை. மேட்டுப்பாளையம் ரோட்டில் மரம் விழுந்துவிட்டது, குன்னூர் சுற்றி வந்தேன் என்றார். டீயும் வர்க்கியும் கொடுத்தேன். நனைந்த ஷூவை வாசலிலேயே கழற்றிவிட்டு சர்வர் அறைக்குள் போனார். அதிலேயே நான் விழுந்துவிட்டேன். பேக்கப் ஓடுகிறதா என்று எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன், கேட்காமல் இல்லை. செருகியிருந்த எக்ஸ்டர்னல் டிஸ்க்கைக் காட்டி, "இந்தப் பச்சை லைட் எரியுதா பாருங்கக்கா. எரிஞ்சா நிம்மதியா தூங்குங்க" என்றார். பதினோரு மாதம் தினமும் அந்த லைட்டைப் பார்த்துவிட்டுத்தான் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஊதுபத்தி கொளுத்தாததுதான் பாக்கி.

ஞாயிறு காலை ஒரு ஃபைலும் திறக்கவில்லை. ஃபோல்டருக்கு ஃபோல்டர் பணம் கேட்டு ஒரு கடிதம். பச்சை லைட் அப்போதும் எரிந்துகொண்டிருந்தது! எந்நேரமும் செருகியே கிடந்ததால் டிஸ்க்கில் இருந்ததையும் சேர்த்துப் பூட்டியிருக்கிறார்கள். கரண்ட் வருகிறது என்று மட்டும்தான் அந்த லைட் இத்தனை நாளும் சொல்லியிருக்கிறது.

போன் போட்டேன். "இன்னைக்கு லீவுக்கா." மறுநாள், டிக்கெட் போட்டாச்சு, இன்ஜினியர் கூப்பிடுவார். செவ்வாய்க்கிழமை, காட் ரோட்டில் மண் சரிவாமே, எப்படி வருவது என்றார். அன்றைக்கு பஸ் எல்லாம் ஒழுங்காக ஓடியது, நானே அதில்தான் வேலைக்கு வந்தேன். நேற்று வேறொரு குரல்: "வைரஸ் எல்லாம் ஏஎம்சில வராது மேடம்." அக்காவாக இருந்தவள் மேடம் ஆகிவிட்டேன்.

கோவையில் நெட்வொர்க் வேலை பார்க்கும் அண்ணன் மகன் நேற்று மாலை வந்து பார்த்தான். மலையேறி வரச் சோம்பல்பட்டு, கீழிருந்தே வேலை பார்ப்பதற்காக ரௌட்டரில் 3389 போர்ட்டை ஊருக்கே திறந்துவிட்டிருக்கிறார்கள். ரிமோட் டெஸ்க்டாப்புக்கான, அதாவது வெளியிலிருந்தே கம்ப்யூட்டரை இயக்குவதற்கான வாசல் அது. அது திறந்திருக்கிற இடமாகத் தேடி, பாஸ்வேர்டை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கும் புரோகிராம்கள் இணையத்தில் இரவு பகலாகத் திரிகின்றன. சர்வர் தானே எழுதி வைக்கும் லாகில் 4625 என்ற எண்ணோடு, உள்ளே வர முடியாமல் போன முயற்சிகள் பக்கம் பக்கமாக இருந்தன. கடைசியில் ஒன்று பலித்துவிட்டது. பலிக்காதா பின்னே? அவர்கள் வைத்துக் கொடுத்த பாஸ்வேர்டு ஃபேக்டரி பெயரும் 123-ம். புதுசு என்று தலையில் கட்டிய சர்வரில் இருப்பது விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2. அதற்கு மைக்ரோசாஃப்ட்டின் ஆதரவு 2023 அக்டோபர் 10-லேயே முடிந்துவிட்டதாம். பில்லில் இருக்கும் பயர்வால் பெட்டியை அறை முழுக்கத் தேடினோம். அப்படி ஒன்று வாங்கி வைக்கவே இல்லை. 1,38,000 ரூபாய்!

சரி, நேரமில்லை, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரௌட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் பக்கத்தைத் திறந்து பாருங்கள். 3389 இருந்தால் இப்போதே எடுத்துவிடுங்கள். வெளியிலிருந்து யாராவது வந்தே ஆக வேண்டுமென்றால் விபிஎன் என்கிற பாதுகாப்பான தனிப் பாதை வழியாக வரட்டும். பேக்கப் முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றி பீரோவில் வையுங்கள், அவ்வப்போது அதிலிருந்து ஒரு ஃபைலையாவது திறந்து பாருங்கள். பில்லில் போட்டிருக்கும் பெட்டியைக் கையால் தொட்டுப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். இப்படி நடந்தால் 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2022-லேயே உத்தரவு இருக்கிறது. நான் நாலு நாளாக அந்தத் தம்பிக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தேன்.

மீதியை அப்புறம் எழுதுகிறேன். இலை போட்டவர்கள் சிட்டையோடு வெளியே நிற்கிறார்கள். மூன்று மாதக் கணக்கை அதைப் பார்த்துத்தான் திரும்ப எழுத வேண்டும்.